இடக்கைப் பிள்ளைக்கு இடக்கை ரைஃபிளே வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் வாசகர் கேள்வி பதில் பகுதியைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். கெடாவிலிருந்து ஒரு தந்தை கேட்டிருந்தார். மகன் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமையும் ஆடும் உள்ள ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், முயலும் நரியும் பெரிய தொல்லை, துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறான், பையன் இடக்கைக்காரன், என்ன ரைஃபிள் வாங்குவது என்று. பதில் எழுதியவர், பழகினால் எந்தத் துப்பாக்கியும் கைக்கு வந்துவிடும், கடையில் சுலபமாகக் கிடைக்கிற வலக்கை ரைஃபிளையே வாங்கட்டும், விலையும் குறைவு என்று நாலே வரியில் முடித்துவிட்டார். அந்தப் பதிலை நம்பி அந்தப் பையன் பணத்தைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் போதாது என்றால் வெட்டிப் போடுங்கள், ஆனால் கண்ணைப் பற்றிச் சொல்லும் பகுதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

நானும் இடக்கைக்காரன். நிபோங் திபால் பக்கம் கொஞ்சம் செம்பனையும் வாழையும் வைத்திருக்கிறேன், காட்டுப்பன்றிக்காக உரிமம் எடுத்த ஷாட்கன் (சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி) ஒன்று இருக்கிறது. அக்கா குடும்பம் பல வருடமாக மேற்கு ஆஸ்திரேலியாவில். அக்கா மகனும் இடக்கை. அவன் ரைஃபிள் வாங்கியபோது கடைகடையாகக் கூடவே அலைந்தவன் நான், அப்புறம் மச்சானோடு அவர்கள் பண்ணைக்குப் போய் இரவில் நரி வேட்டையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பழகினால் சரியாகிவிடும் என்பது பாதி உண்மைகூட இல்லை.

முதலில் அங்கே நிலவரம் என்ன என்று நம்மவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவில் முயல் சொந்த மண்ணின் விலங்கு கிடையாது. 1859-இல் விக்டோரியா மாநிலத்தில் ஒரு பண்ணைக்காரர் வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து விட்டது, கண்டம் முழுக்கப் பெருகிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அதைத் தடுக்கவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வேலி போட்டு 1907-இல் முடித்தார்கள், அதையும் தாண்டி வந்துவிட்டது. நரியும் அப்படித்தான், வேட்டைக்கென்று கொண்டுவந்தது, இப்போது பிறந்த ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிப் போகிறது, அந்த மண்ணுக்கே உரிய சின்னச் சின்ன விலங்குகளைத் தின்று அழிக்கிறது. அதனால் அங்கே பண்ணைக்காரர் நரியைச் சுடுவது பொழுதுபோக்கு இல்லை, வேலையில் ஒரு பகுதி. விஷ இரையும் வைக்கிறார்கள், 1080 என்று சொல்வார்கள், அங்குள்ள சில செடிகளிலேயே அந்த நஞ்சு இயற்கையாக இருப்பதால் உள்ளூர் விலங்குகள் பலவற்றுக்கு அதைத் தாங்கும் சக்தி உண்டு, வெளியிலிருந்து வந்த நரிக்குக் கிடையாது. நம் செம்பனைத் தோட்டங்களில் எலிக்குத் துப்பாக்கி தூக்காமல் ஆந்தைக் கூடுகள் வைக்கிறோமே, அதுபோல எல்லாவற்றுக்கும் துப்பாக்கிதான் வழி என்று அவர்களும் நினைப்பதில்லை.

இன்னொரு விஷயம், பதில் எழுதியவர் இதைக் கவனிக்கவே இல்லை. 1996-இல் டாஸ்மானியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு அந்த நாடு துப்பாக்கிச் சட்டத்தையே மாற்றிவிட்டது. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களும், முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஷாட்கன்களும் சாதாரண உரிமக்காரர் கைக்கு எட்டாமல் போயின. மிச்சம் இருப்பது பெரும்பாலும் போல்ட் ரைஃபிள், அதாவது ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, காலித் தோட்டாவை வெளியே தள்ளி, முன்னுக்குத் தள்ளி அடுத்ததை ஏற்ற வேண்டிய வகை. வலக்கை ரைஃபிளில் அந்தக் கைப்பிடி வலப்பக்கம், இடக்கை ரைஃபிளில் இடப்பக்கம், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் இடக்கைக்காரனுடைய முழுப் பிரச்சினையும். அது மட்டுமில்லை, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியா 2024-இல் கொண்டுவந்த புதுச் சட்டத்தில் ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதற்கே உச்சவரம்பு போட்டுவிட்டார்கள். ஒன்றை வாங்கிப் பார்ப்போம், சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்வோம் என்று போகிற காரியம் இல்லை இது.

சரி, கண்ணுக்கு வருகிறேன். அந்தப் பையன் கடைக்குப் போகும் முன் கண்டுபிடிக்க வேண்டியது தன் எந்தக் கண் ஆளும் கண், அதாவது இரண்டும் திறந்திருக்கும்போது குறிபார்ப்பதில் ஓங்கி நிற்கிற கண், என்பதை. எழுதுகிற கையும் குறிபார்க்கிற கண்ணும் ஒரே பக்கம்தான் இருக்கும் என்று நிச்சயமில்லை. உலகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடக்கைக்காரர், அவர்களில் நிறைய பேருக்கு வலது கண் ஓங்கி இருக்கும், வலக்கைக்காரர்களிலும் இடது கண் ஓங்கியவர்கள் இருக்கிறார்கள். சோதனை சுலபம். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளை வெளிப்பக்கம் காட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் சின்ன ஓட்டை ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்தபடி அந்த ஓட்டை வழியாகத் தூரத்தில் ஒன்றைப் பார்க்க வேண்டும். பட்டர்வொர்த் கரையில் நின்று எதிரே பினாங்குத் தீவில் உள்ள கொம்தார் கோபுரத்தின் உச்சியைப் பார்த்தால் போதும். பிறகு ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும், அப்புறம் மற்றதை. எந்தக் கண் திறந்திருக்கும்போது கொம்தார் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். எந்தக் கண்ணால் பார்க்கும்போது கட்டடம் ஓட்டையை விட்டு நகர்ந்துவிடுகிறதோ அது மற்றது.

கையும் கண்ணும் இரண்டும் இடது என்றால் யோசிக்கவே வேண்டாம், இடக்கை ரைஃபிள். கை இடது, கண் வலது என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஷாட்கனில் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு ஓடுகிறதை, பறக்கிறதைச் சுடுகிறோம், அதனால் அங்கே கண் சொல்வதைத்தான் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் குழல் ஒரு பக்கம் போகும், குறி ஒரு பக்கம் போகும். ஆனால் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வைத்த ரைஃபிளில் ஒரே கண்ணால் கண்ணாடி வழியாகப் பார்ப்பதால் மற்ற கண்ணின் ஆதிக்கம் அவ்வளவு தொந்தரவு கொடுக்காது. அப்படிப்பட்டவர் இரண்டு தோளிலும் வைத்துப் பார்த்து எது இயல்பாக உட்காருகிறது என்று முடிவு செய்யலாம். புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் வலத் தோளிலேயே கற்றுக்கொள்வதுகூடச் சரிதான். இதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சோதனையைச் செய்யாமலேயே வலக்கை ரைஃபிள் வாங்கு என்று சொல்வது எப்படி?

இப்போது இடத் தோளில் வலக்கை போல்ட் ரைஃபிளை வைத்துச் சுட்டால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இடது கை விசையில் இருக்கிறது, வலது கை முன்னால், துப்பாக்கியின் உடலான கட்டையைத் தாங்குகிறது. சுட்டாயிற்று. போல்ட் கைப்பிடி வலப்பக்கம். இடது கையை விசையிலிருந்து எடுத்து, ஸ்கோப்புக்கு மேலே வளைத்துக் கொண்டுபோய் அந்தப் பக்கம் இருக்கிற கைப்பிடியைத் தூக்கி இழுக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது கன்னம் கட்டையிலிருந்து கிளம்பிவிடும், கண் ஸ்கோப்பை விட்டு விலகிவிடும், குழல் வட்டமடிக்கும். மறுபடி கன்னத்தை வைத்து, கண்ணைப் பொருத்தி, நரி எங்கே என்று தேட வேண்டும். அக்கா மகன் ஆரம்பத்தில் பழகியது மச்சானுடைய வலக்கை ரைஃபிளில்தான், நல்ல ரைஃபிள், குறி சுத்தமாக இருக்கும். நரி விசில் ஊதுவார்கள் அங்கே, அடிபட்ட முயல் கத்துகிற மாதிரி ஒரு சத்தம், இருட்டில் அதைக் கேட்டு நரி விளக்கு வெளிச்சத்துக்குள் வந்து நிற்கும், சில வினாடிதான் நிற்கும். முதல் தோட்டா தவறினால் இரண்டாவதற்கு நேரமே இல்லை, அவன் கையை வளைத்துக்கொண்டு இருக்கும்போதே நரி வேலிக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். அதைவிடக் கொடுமை, முதல் தோட்டா காயப்படுத்தி மட்டும் விட்டுவிட்டால். ஒரு விலங்கைச் சுடுவது என்று முடிவெடுத்த பிறகு அதை வதைக்காமல் முடிக்க வேண்டியது சுடுகிறவனுடைய பொறுப்பு, அதற்கு உடனே இரண்டாவது தோட்டா வேண்டும். என்னைக் கேட்டால் இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்தது பாதுகாப்பு, இதைப் பேசுகிறவர்கள் குறைவு. வலக்கை ரைஃபிளில் காலித் தோட்டா வெளியே வரும் வாய் வலப்பக்கம் இருக்கிறது. வலக்கைக்காரன் முகம் கட்டைக்கு இடப்பக்கம் இருப்பதால் அவனுக்கு அது மறுபக்கம். இடக்கைக்காரன் கன்னம் வைக்கும்போது முகம் கட்டைக்கு வலப்பக்கம் வந்துவிடுகிறது, அதாவது அந்த வாய் இருக்கும் அதே பக்கம். சாதாரண நாளில் இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் தோட்டாவின் பின்பக்கத்துச் சின்னத் தொப்பி ஓட்டையாகிவிட்டாலோ, பித்தளைக் கூடு கிழிந்துவிட்டாலோ, சூடான வாயு பின்னுக்கு வரும். நல்ல ரைஃபிள்களில் அதைத் திசைதிருப்ப ஓட்டைகள் வைத்திருப்பார்கள். ஆனால் சுடுகிறவர் இடப்பக்கம் முகம் வைத்திருப்பார் என்ற கணக்கில்தான் அந்தத் திசை முடிவாகி இருக்கும். எந்த ரைஃபிளாக இருந்தாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடக் கூடாது, காதுக்கும் அடைப்பு வேண்டும், வலக்கை ரைஃபிளை இடத் தோளில் வைக்கிறவருக்கு இது இரண்டு மடங்கு.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வலக்கை போல்ட் இடக்கைக்காரருக்கு உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிற ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் ப்ரேரி டாக் என்று ஒரு கொறிக்கும் விலங்கு, வளை தோண்டிக் கூட்டம் கூட்டமாக வாழும். அவற்றைச் சுடுகிறவர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, ரைஃபிளை மணல் பையில் வைத்து, தூரத்திலிருந்து நாள் முழுக்கச் சுடுவார்கள். வார்மிண்ட் ரைஃபிள் என்று கனத்த குழலோடு வருகிற வகை அந்த வேலைக்கென்றே வளர்ந்தது, தொடர்ந்து சுட்டாலும் குழல் சீக்கிரம் சூடேறிக் குறி மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கனம். மேசையில் இருக்கும்போது ஒரு கையால் முன்னால் தாங்க வேண்டிய அவசியமே இல்லை. அப்போது இடக்கைக்காரர் இடது கையை விசையிலேயே வைத்துக்கொண்டு, கன்னத்தை எடுக்காமல், சும்மா இருக்கிற வலது கையால் வலப்பக்கத்துப் போல்ட்டை இயக்கலாம். சிலர் அதை வேண்டுமென்றே விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள், சொல்லப்போனால் வலக்கைக்காரரைவிட வேகமாகச் சுடலாம். பதில் எழுதியவர் இதை மனதில் வைத்து எழுதியிருந்தால் அதையும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பையன் சுடப்போவது மேசையிலிருந்து இல்லையே. பண்ணையில் நின்றுகொண்டு, வேலிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, மண்டியிட்டு. அங்கே இந்தக் கணக்கு உதவாது.

இடக்கை ரைஃபிள் கிடைக்காது, கிடைத்தாலும் யானை விலை என்ற பேச்சு பழைய காலத்தோடு போயிற்று. அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் 110 என்ற போல்ட் ரைஃபிளை 1958-இல் கொண்டுவந்தது, அடுத்த வருடமே அதன் இடக்கை வடிவத்தையும் போட்டது. அன்றிலிருந்து இடக்கைக்காரர்களை மறக்காத நிறுவனம் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. அவர்கள் வார்மிண்ட் வரிசையில் 12 எஃப்எல்வி என்று ஒரு மாடல் இருந்தது, கனத்த குழல், முழுக்க இடக்கைக்காகச் செய்தது. பழைய சரக்கில் அது கண்ணில் பட்டால் விட வேண்டாம் என்று சொல்வேன், ஆனால் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்கிறவருக்கு அது கனம். பின்லாந்தின் டிக்கா டி3 வரிசையில் இடக்கை வடிவம் உண்டு, போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடும், அக்கா மகன் கடைசியில் எடுத்தது அதுதான். ரூகர் அமெரிக்கன் வரிசையிலும் இடக்கை உண்டு, விலை குறைவு, கட்டை பிளாஸ்டிக், பார்க்க ஒன்றுமில்லை, சுடுவதில் குறை சொல்ல முடியாது. தோட்டா அளவு சிறிய .22 வகையில் செக் நாட்டின் சீசெட் 457-க்கும் சாவேஜுக்கும் இடக்கை வடிவங்கள் இருக்கின்றன. எல்லா மாடலும் எல்லாத் தோட்டா அளவிலும் இடக்கையில் வராது, இது உண்மை, அதனால் முதலில் இடக்கையில் என்னென்ன அளவு வருகிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் மற்றதை யோசிப்பது நல்லது.

தோட்டா அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முயலுக்கு மட்டும் என்றால் .22 எல்ஆர் போதும், ஐம்பது அறுபது மீட்டருக்குள் சுட வேண்டும், அது கல்லிலும் காய்ந்த தரையிலும் பட்டு எகிறிப் போகும் என்பதை மறக்கக் கூடாது. .17 எச்எம்ஆர் 2002-இல் வந்தது, தோட்டா சின்னது, வேகம் அதிகம், பட்ட இடத்திலேயே உடைந்துவிடும் குணம் உள்ளதால் எகிறுவது குறைவு, 120, 130 மீட்டர் வரை முயலுக்கு நம்பலாம். நரியும் சேர்த்து என்றால் .223 ரெமிங்டன். தோட்டா எங்கும் கிடைக்கும், உதைப்பு லேசு, 200 மீட்டருக்கு அந்தப் பக்கமும் நரிக்குப் போதும். .22-250 இன்னும் வேகம், வினாடிக்கு 1,100 மீட்டரைத் தொடும், ஆனால் குழல் சீக்கிரம் தேயும், தோட்டா விலையும் கூடுதல். .243 நரிக்குத் தேவைக்கு மேல், காட்டுப்பன்றியும் இருக்கிற இடம் என்றால் யோசிக்கலாம். அந்தப் பையனுக்கு ஒரே ரைஃபிள்தான் என்றால் .223, வேறு பேச்சில்லை.

போல்ட் இடப்பக்கம் இருந்துவிட்டால் மட்டும் போதாது, கட்டையையும் பார்க்க வேண்டும். சில கட்டைகளில் கன்னம் வைக்கும் மேடு ஒரு பக்கம்தான் இருக்கும், கைப்பிடியில் உள்ளங்கைக்கான புடைப்பும் ஒரு பக்கம்தான். யாராவது போல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுக் கட்டையை அப்படியே விட்டிருந்தால் அது கன்னத்தைத் தள்ளும். இடக்கைக் கட்டை அல்லது இரண்டு பக்கமும் சமமான கட்டை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கட்டையின் நீளமும் முக்கியம், கடையில் வருவது பெரும்பாலும் விசையிலிருந்து தோள் வரை 34, 35 செண்டிமீட்டர், நம் பிள்ளைகள் பலருக்குக் கை குட்டை, குளிர்காலத்தில் தடித்த ஜாக்கெட் வேறு போட்டிருப்பார்கள், கொஞ்சம் குறைக்க வேண்டி வரலாம்.

சேஃப்டி, அதாவது தவறிச் சுட்டுவிடாமல் தடுக்கும் பூட்டு, எங்கே இருக்கிறது என்று கேட்காமலே வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். கட்டையின் மேல் நடுவில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சேஃப்டி எந்தக் கைக்கும் ஒன்றுதான், சாவேஜ் 110-இலும் ரூகர் அமெரிக்கனிலும் அப்படி. போல்ட்டுக்குப் பக்கத்தில் வலப்பக்கமாக இருக்கிற சேஃப்டி என்றால் இடக்கைக்காரர் பிடியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் தடவ வேண்டும், இருட்டில், கையுறையோடு. டிக்காவின் இடக்கை வடிவத்தில் சேஃப்டியும் இடப்பக்கம் வந்துவிடுகிறது, அதுதான் முழுமையான இடக்கை ரைஃபிளுக்கு அடையாளம். ஸ்கோப்பிலும் ஒரு விஷயம் உண்டு. தூரத்துக்கு ஏற்பக் கூர்மைப்படுத்தும் திருகு சிலவற்றில் இடப்பக்கம் இருக்கும், வலக்கைக்காரன் முன்னால் தாங்குகிற கையால் அதைத் திருப்புவான், இடக்கைக்காரனோ விசையில் இருக்கும் கையை எடுக்க வேண்டும். முன்கண்ணாடியைச் சுற்றியே அந்த வளையம் இருக்கிற ஸ்கோப் இருவருக்கும் பொது. ஆயினும் இது பெரிய குறை ஒன்றும் இல்லை, பழகிக்கொள்ளலாம், ஸ்கோப்புக்காக ரைஃபிளை விட்டுவிட வேண்டாம்.

இடக்கை போல்ட் கிடைக்கவே இல்லை என்றால் நடுவில் மடியும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள் இருக்கின்றன, அதில் இடம் வலம் என்பதே கிடையாது. ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும் என்பதுதான் குறை. விலை விஷயத்தில், இடக்கைக்குச் சில இடங்களில் கூடுதலாகக் கேட்பார்கள், பழையது அவ்வளவாகச் சந்தைக்கு வராது, விற்கும்போதும் வாங்குகிறவர் குறைவு. இருக்கட்டும். விற்பதற்காகவா வாங்குகிறோம்?

நம் ஊருக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற தோட்டக்காரர்களிலும் இடக்கைக்காரர்கள் இருப்பார்கள். இங்கே மலேசியாவில் விவசாயி கையில் ரைஃபிள் பார்ப்பது அபூர்வம், பயிரைக் காக்க உரிமம் கிடைப்பது பெரும்பாலும் ஷாட்கனுக்குத்தான், சிறு குண்டுகள் நிறைந்த பெனாபூர் தோட்டா போடுகிற வகை. செனாப்பாங் பாத்தா வைத்திருக்கிற இடக்கைக்காரருக்குப் பெரிய கவலை இல்லை, நடுவில் மடிகிறது, காலித் தோட்டா பின்பக்கமாக வருகிறது, முகத்துக்குக் குறுக்கே எதுவும் பறப்பதில்லை. திறக்கிற நெம்புகோலை வலது கட்டைவிரலுக்காக வைத்திருப்பார்கள், அது பழகக்கூடியது. விலை உயர்ந்த இரட்டைக் குழல்களில் மட்டும் கட்டையை வலத் தோளுக்காக லேசாக வளைத்திருப்பார்கள், மேலிருந்து பார்த்தால் தெரியும், அதை இடத் தோளில் வைத்தால் குழல் தள்ளிப் போகும். பம்ப் வகை எடுப்பவர்கள் தோட்டா கீழ்ப்பக்கமாக விழுகிற இதகா 37, ப்ரௌனிங் பிபிஎஸ் போன்றவை கிடைக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மோஸ்பெர்க் 500-இல் சேஃப்டியாவது மேலே நடுவில் இருக்கிறது. விசைக்குப் பின்னால் குறுக்கே அழுத்துகிற பொத்தான் சேஃப்டி வலது ஆள்காட்டி விரலுக்காகச் செய்தது, இடக்கைக்காரர் அதில் கவனமாக இருக்க வேண்டும்.

அப்புறம், வெளிநாட்டில் பார்த்ததை இங்கே செய்து பார்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1960 ஆயுதச் சட்டத்தில் ஏர்கன்னும் ஆயுதம்தான், உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது, ஆன்லைனில் வருகிறது என்பதால் அது சட்டப்படியானது ஆகிவிடாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டுக் கூடுதல் தண்டனைச் சட்டத்தின்கீழ் 14 வருடம் வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. காட்டுப்பன்றியானாலும் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். இடக்கைப் பிள்ளைகளுக்குச் சுடுவதில் ஆசை இருந்தால் முறையான சுடும் சங்கத்தில் சேர்த்துவிடுங்கள், சேர்க்கும்போதே பிள்ளை இடக்கை என்று சொல்லிவிடுங்கள், கண் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

பள்ளியில் என் இடது கையில் ரூலரால் அடித்து வலது கைக்குப் பென்சிலை மாற்றினார் ஓர் ஆசிரியர். அவர் காலம் அப்படி. இன்று எந்தப் பெற்றோரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கத்தரிக்கோல், மண்வெட்டி, மரம் அறுக்கும் மெஷின் என்று வரும்போது இன்னும் சமாளித்துக்கொள் என்றுதான் சொல்கிறோம். கத்தரிக்கோலில் சமாளிக்கலாம். வெடிக்கிற ஒன்றை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமாளிக்கச் சொல்லாதீர்கள்.

அந்தக் கெடா தந்தைக்கு: ஐயா, மகனிடம் சொல்லுங்கள், கடையில் காலி ரைஃபிளா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இயல்பாகத் தோளில் வைக்கட்டும், பிறகு கண்ணைத் திறக்கட்டும். ஸ்கோப்பின் வட்டம் முழுசாக, கறுப்பு நிழல் இல்லாமல் தெரிந்தால் கட்டை அவனுக்குப் பொருந்துகிறது. அடுத்து, கன்னத்தை எடுக்காமல் போல்ட்டை மூன்று நாலு தடவை இழுத்துத் தள்ளிப் பார்க்கட்டும், கன்னத்தை எடுக்க வேண்டி வந்தால் அந்த ரைஃபிள் வேண்டாம். பிறகு கட்டைவிரலால் சேஃப்டியைத் தேடட்டும், பிடியை விடாமல் எட்ட வேண்டும். வாங்கிய பிறகு ஒரு தோட்டாகூட நரியைப் பார்த்துச் சுடும் முன், சங்கத்து மைதானத்தில் காகிதத்தில் சுட்டுப் பழகட்டும், நூறு மீட்டரில் தோட்டாக்கள் கைக்குள் அடங்குகிற இடத்துக்குள் விழ வேண்டும். இடக்கை ரைஃபிள் வரவழைக்க மாதங்கள் ஆகும் என்று கடைக்காரர் சொன்னால் காத்திருக்கட்டும், அதுவரை பண்ணைக்காரர் சுடட்டும்.

இப்படிக்கு,
இடக்கை வாசகர்,
நிபோங் திபால், பினாங்கு